மல்லாட்டையால் போட்ட ஓட்டு

எனக்கு அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலா வரும். நடந்ததும் முன்னபின்ன மறந்துபோகுது. பொறுத்துக்குங்க.

செஞ்சியிலிருந்து வல்லம் போற ரோட்டுல, கொஞ்சம் உள்ள தள்ளி எங்க ஊரு. எங்க வீட்டுக்குப் பின்னால மலை. அதுல குவாரிக்காரங்க வெடி வெச்சாங்க. ஒரு மத்தியானம் கல்லு ஒண்ணு சிமெண்டு சீட்டுக் கூரையைப் பிளந்துகிட்டு வந்து, சோறு போட்டுக்கிட்டிருந்த என் மருமக தோளை நொறுக்கிடுச்சு. எலும்பு வெளியில தெரிஞ்சுது. "அடுத்த கல்லு புள்ளைங்க தலையில விழும் அத்தே. குவாரி நின்னாதான் இந்த வீட்டுக்கு வருவேன்"னுட்டு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

கிராம சபையில குவாரி வேணாங்கிறவங்க கையைத் தூக்கச் சொன்னாங்க. குவாரி ஆளுங்க கடப்பாறையோட பின்னால நின்னாங்க. வேணாம்னு என் ஓரகத்தி மட்டும் தூக்கினா. கூட்டம் கலைஞ்சதும் அந்தக் கையைக் கல்லு மேல வெச்சு அடிச்சானுங்க. "இன்னா, இப்ப தூக்கு பாக்கலாம்"னு சிரிச்சானுங்க. நான் முந்தானைக்குள்ள கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறந்தான் ரகசியமா ஓட்டு வைக்கலாம்னு ஊரு கூடிப் பேசுச்சு. "பயந்தாங்கொள்ளிங்க, போடட்டும்"னு குவாரி மேஸ்திரியும் ஒத்துக்கிட்டான். ஆளுக்குத் தோலோட ஒரு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அப்புறம் ஒரு புளியங்கொட்டை. குவாரி வேணாம்னா மல்லாட்டை, வேணும்னா புளியங்கொட்டை. வாயில துணி கட்டின குடத்துல ஒண்ணைப் போட்டுட்டு, மத்ததைப் பக்கத்துச் சாக்குல போட்டுடணும்.

எண்ணினப்போ ஓட்டுப் போட்ட தலைங்களைவிட ஒண்ணு கூட இருந்துச்சு. "கள்ள ஓட்டு"ன்னு மேஸ்திரி குடத்தை உதைச்சான். எண்ணின ரேஷன் கடைக்காரர் மண்டையைப் பொளந்தான். மல்லாட்டை மேலெல்லாம் ரத்தம்.

அது என் தப்பு. மல்லாட்டை கையில இருந்தா எங்க ஊருல யாருக்கும் விரலு சும்மா இருக்காது. வரிசையில நிக்கிறப்போ பயத்துல உரிச்சிட்டேன். உள்ள இருந்த பருப்பு ரெண்டையும் குடத்துல போட்டுட்டேன், அதை ரெண்டு ஓட்டா எண்ணிட்டாங்க. எழுந்து, "அவரை அடிக்காத தம்பி. அந்த ரெண்டு பருப்பும் என்னுது, ஒரே ஓட்டுதான்"னேன்.

"கெழவி, நீயுமா?"ன்னு அறைஞ்சான். ரெண்டு பல்லு போச்சு. இடது காது இன்னிக்கும் கேக்கறதில்லை. அதைப் பாத்த பொம்பளைங்க விளக்குமாறும் செருப்புமா அவன் மேல பாஞ்சாங்க. அவன் ஓடினப்புறம் பொறுக்கி எண்ணினோம். கணக்கு சரியா வந்துச்சு. புளியங்கொட்டை ஒரு கைப்பிடிதான். மேஸ்திரி வீட்டு ஆளுங்களே மல்லாட்டை போட்டிருக்கணும்.

கையைத் தூக்கச் சொன்னப்போ பக்கத்துல இருக்கிறவ மனசு எனக்குத் தெரியலை. ஓட்டு வெச்சப்புறந்தான் ஊரே ஒரே நெனப்புல இருக்குதுன்னு எங்களுக்கே தெரிஞ்சுது. பேசத் தெரியாதவளுக்கும் அதுல இடம் இருக்குது. ஆனா அங்க கல்லு உடைச்சுப் பொழைச்ச குடும்பங்களுக்கு அந்த ஓட்டு வேலை குடுக்கலை. அதையும் சொல்லணும்.

ஊரே ஒண்ணா நின்னதால குவாரிக்காரங்க போயிட்டாங்க, வெடி நின்னுடுச்சு. மருமக புள்ளைங்களோட வந்துட்டா. எந்த மாசம், எத்தனை மல்லாட்டைன்னு எனக்கு நிச்சயமில்லை. அன்னிக்கு அங்க இருந்தவங்க யாராவது படிச்சுப் பாத்துத் திருத்திக் குடுங்க.