ஜெபிக்கிற வரைக்கும் மாவு

ரோசம்மாளுக்குச் சபையில் ஒருவரைக் கண்டாலும் ஆகாது. இப்படிச் சொன்னால் அவளைப் பொல்லாதவள் என்று நினைப்பீர்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. புதுவாயல் கூட்ரோட்டில் டயர் கடைக்குப் பின்னால், சிமெண்ட் ஷீட் போட்ட அந்தச் சபையின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாய் வந்து திறந்து, பெருக்கி, பாய் விரித்து, பாஸ்டருக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைப்பாள். கடைசி ஆளாய்ப் பூட்டிக்கொண்டு போவாள். நடுவில் வந்து உட்கார்ந்து, அழுது, மூக்கைச் சிந்திவிட்டுப் போகிற கூட்டத்தை அவள் வேறு எந்தக் கண்ணால் பார்ப்பாள்?

கூட்டமும் அப்படித்தான் இருந்தது. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருகிற ஆண்கள், தூக்கிய கையை இறக்காமலே தூங்குவார்கள். மேரி என்று ஒருத்தி, முக்காட்டுக்குள் செல்போனை வைத்துக்கொண்டு அக்கா மகளுக்கு மிஸ்டு கால் கொடுத்தபடியே 'தோத்திரம், தோத்திரம்' என்பாள். பிரசங்கத்துக்கு எல்லாரும் தலையாட்டுவதைப் பார்த்தால் ஞானமெல்லாம் அங்கேதான் வந்து கொட்டிக் கிடக்கிறது என்று தோன்றும். வெளியே செருப்பு மாட்டும்போது, ஐயா இன்னைக்கு என்ன பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

"வந்துட்டானுங்க, பரலோகத்துக்கு டிக்கெட் வாங்க," என்று வாசலில் நின்று முணுமுணுப்பாள் ரோசம்மாள். கொஞ்சம் உரக்கவே முணுமுணுப்பாள்.

அவள் ஒன்றும் ராஜா வீட்டில் பிறந்தவள் இல்லை. அப்பனும் ஆத்தாளும் கவரப்பேட்டைப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கட்டிக்கொண்ட தானியேல், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டுகிற ஆலை ஒன்றில் ஹெல்பர். அவளும் ஒரு கம்பெனி கேண்டீனில் வெங்காயம் உரித்து, சப்பாத்தி தேய்த்து, கை காய்த்துப் போனவள். கல்யாணமான புதிதில் இந்தச் சபைக்கு வந்தபோது, நம்ப மாட்டீர்கள், பாட்டு ஆரம்பித்தாலே அழுவாள். குரலும் நன்றாக இருக்கும். அப்போதிருந்த பாஸ்டர், இவள் மாவு பிசைகிற கை பதமான கை என்று கண்டுபிடித்து, மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் சரீரமும் ரத்தமும் என்று எல்லாரும் அப்பமும் சாறும் எடுக்கிற திருவிருந்துக்கு, அப்பம் சுடுகிற வேலையைக் கொடுத்தார். ஈஸ்ட் போடாமல் மைதாவைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, தோசைக்கல்லில் வாட்டி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டில் அடுக்க வேண்டும். கறுப்புத் திராட்சையைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, சின்னக் கப்புகளில் ஊற்ற வேண்டும். முதல் முறை செய்தபோது பாடிக்கொண்டே பிசைந்தாள்.

அந்தப் பாட்டு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. அப்பத்தோடு கப் கழுவுவது சேர்ந்தது, பாய் சேர்ந்தது, சாவி சேர்ந்தது, கன்வென்ஷன் என்று பெருங்கூட்டம் வந்தால் பிரியாணி அண்டா சேர்ந்தது. வேலை ஏற ஏற வாய் மட்டும் ஓய்வில்லாமல் ஓடியது, பாட்டுக்கு அல்ல.

அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த அந்த வருஷம்தான் கன்னியம்மா சபைக்கு வந்து சேர்ந்தாள். தேர்வாய் கண்டிகைப் பக்கத்துப் பெண். குடிகாரப் புருஷன், கம்பெனியில் பெருக்குகிற வேலை. அவளைக் கண்டால் ரோசம்மாளுக்கு உடம்பெல்லாம் எரியும். தாளம் ஒரு பக்கம் போனால் இவள் கைதட்டல் இன்னொரு பக்கம் போகும். பாட்டின் வரி தெரியாது, ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாள். ஜெபம் ஆரம்பித்த உடனே அழுகை. ஆமென் சொன்ன பிறகும் அழுகை.

"புதுசுல எல்லாம் இப்டிதான் பொங்கும். நாலு நாள் பாய் சுருட்டச் சொல்லு, தன்னால அடங்கிடும்," என்றாள் ரோசம்மாள் மேரியிடம்.

அந்தக் கன்னியம்மாவைத்தான் பாஸ்டர் ஸ்டீவன் ரோசம்மாளுக்கு ஒத்தாசையாகப் போட்டார். ஸ்டீவன் வேதாகமக் கல்லூரியிலிருந்து இறங்கிய புதுப் பாஸ்டர். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முடி. சபையை ஒரு கம்பெனி மாதிரி ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் நினைப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் கன்னியம்மா ரோசம்மாள் வீட்டுக்கு வந்தாள். குளித்து, முக்காடு போட்டு, செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஏதோ ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூமுக்குள் வருகிறவள் மாதிரி உள்ளே வந்தாள்.

"யக்கா, பிசையறதுக்கு முன்ன ஜெபம் பண்ணலாமா?"

"நீ பண்ணிக்கினு இரு. எனக்கு மாவு காஞ்சிடும்."

ரோசம்மாள் தேய்த்தாள், வாட்டினாள், கத்தியால் நறுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வாள், அத்தனை பழக்கம். நறுக்கியதில் மிஞ்சிய ஓரத் துண்டுகளை எப்போதும்போல் ஒதுக்கி, எப்போதும்போல் டீ போட்டு, ஒன்றை டீயில் முக்கி வாயில் போட்டாள். கன்னியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"யக்கா! இன்னாக்கா இது? அப்பத்தப் போயி டீல முக்கி துன்ற?"

"ஏண்டி, இடியா வுழுந்துடுச்சி? பாஸ்டரு கைல எடுத்து ஜெபிக்கிற வரைக்கும் இது மாவுடி. வெறும் மைதா மாவு. கடைல வாங்கனது."

கன்னியம்மா அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது போலிருக்கிறது. பிறகு, ஒரு குதர்க்கமும் இல்லாமல், குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஜெபிச்சதுக்கு அப்பால நீ துன்னு நான் பாத்ததே இல்லியேக்கா?"

ரோசம்மாள் டீ டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள். "எனக்கு எங்கடி நேரம்? தட்டு போறப்ப நான் பின்னால சாறு ஊத்தணும். கப்பு போறப்ப தட்டு வாங்கணும். உங்கள மாதிரி உக்காந்துக்கினு அயுதா, யாரு கீறா என் வேலைய பாக்க?" என்று கத்திவிட்டு, அவளைத் திராட்சை கழுவ அனுப்பினாள். கழுவியது சரியில்லை என்று அதற்கும் திட்டினாள்.

மறுநாள் திருவிருந்து முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு வந்தது வினை.

அந்தச் சபையில் ஜெபக் குறிப்பு சொல்லுகிற நேரம் என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன பாரமோ எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்காக ஜெபிக்க வேண்டும். ஒருத்தன் பையனுக்கு வேலை கேட்டான், ஒருத்தி இடுப்பு வலி சொன்னாள். கன்னியம்மா எழுந்தாள்.

"எல்லாருக்கும் தோத்திரம். என் ஊட்டுக்காரரு குடிய வுடணும். அப்பறம், நம்ம ரோசம்மாக்கா திருவிருந்து எடுக்கறதே இல்ல. அதுக்கு இன்னா தடை கீதோ, அத்த ஆண்டவரு ஒடைக்கணும்னு எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சிக்கங்க."

சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு உட்கார்ந்தாள் பாவி.

தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள். இத்தனை வருஷப் பிரசங்கத்தில் நடக்காத அற்புதம் அது. மேரி செல்போனையே கீழே வைத்துவிட்டாள். அப்பம் எடுக்காமல் இருப்பது அந்தச் சபையில் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. தட்டு வரும்போது ஒருத்தி வேண்டாம் என்றால், அவளிடம் வெளியே சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது என்று பொருள். இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. வேலைக்காரியை யார் கவனிப்பார்கள்? இப்போது ஒவ்வொருவரும் விரல்விட்டு யோசித்தார்கள். ஆமாம், அவள் எடுத்து நாம் பார்த்ததே இல்லையே!

புதன்கிழமைக்குள் ரோசம்மாளுக்குக் கேண்டீன் மேஸ்திரியோடு தொடர்பு, பிறந்த வீட்டில் போய்ச் சாமி கும்பிட்டாள், வட்டிக்கு விடுகிறாள் என்று மூன்று பாவங்கள் தயார். மூன்றையும் தயாரித்தது இதே பரிசுத்தக் கூட்டம்தான்.

பாஸ்டர் ஸ்டீவன் வேதப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசுங்க. மன்னிக்க முடியாத பாவம்னு ஒண்ணும் இல்ல."

"ஐயா, நீங்க டவுசர் போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போறச்சயே நான் அந்த எடத்த பெருக்கிக்கினு இருந்தவ. கப்பு கழுவுறது பாவம்னா, ஆமா, நான் பாவிதான்."

தட்டு போகும்போது சாறு, சாறு போகும்போது தட்டு என்று அவள் விளக்கியதும் பாஸ்டர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அட, அவ்ளோதானா! டூட்டிய மாத்திட்டாப் போச்சு. அடுத்த மாசம் கன்னியம்மா சிஸ்டர் சுடட்டும். நீங்க முன்னால உக்காருங்க, அப்பம் எடுங்க. எல்லார் வாயும் மூடிக்கும்." ஷிப்ட் சூப்பர்வைசர் லீவு சீட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு ஜெபத்தைப் பண்ணிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

தானியேலும் அதையேதான் சொன்னான். "இன்னாத்துக்கு மே இம்மாம் பேஜாரு? ஒரு துண்ட எட்த்து வாயில போட்டு முயுங்கிட்டு வாயேன்."

"அது இன்னா தலவலி மாத்திரையாய்யா?" என்று சீறினாள்.

சீறிய பிறகு அவளுக்கே திக்கென்றது. ஏன், முழுங்கினால் என்ன? மாவுதானே என்று சொன்னவள் அவள்தானே? எழுந்துபோய் முழங்கால் போட்டுப் பார்த்தாள். கண்ணை மூடினால், பாய்க்கு வெயில் காட்டவில்லையே என்று நினைப்பு ஓடியது. வாயைத் திறந்தால் பாஸ்டர் சொல்லுகிற வார்த்தைகள் வரிசையாய் வந்தன, பழைய பாஸ்டர் சொன்னவை வந்தன, கன்வென்ஷனுக்கு வந்துபோனவர்கள் சொன்னவைகூட வந்தன. அவளுடையது என்று ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. பரண்மேல் வைத்து மறந்துபோன பானை மாதிரிக் காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால், தன் மனதைச் சோதித்துப் பார்க்காமல் இதைச் சாப்பிடுகிறவன் தனக்கே தண்டனையைச் சாப்பிடுகிறான் என்று பாஸ்டர் வாசிப்பார். அவள் பின்னால் சாறு ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறாள், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. நேரமில்லை என்பதெல்லாம் பொய். நேரமிருந்தாலும் அவள் வந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். எடுக்காவிட்டால் ஊர் அவளைப் பாவி என்னும். ஒன்றுமில்லாத மனசோடு எடுத்தால் ஆண்டவரிடமே பொய் சொன்னவளாவாள். ஊரையாவது செருப்பால் அடிக்கலாம். அவரை என்ன செய்வது?

முதல் ஞாயிறு வந்தது. ரோசம்மாள் வெள்ளைப் புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தப் பாயில் உட்காருவது எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கண்ணை மூடி ஜெபிக்கிறவர்களின் கண்ணெல்லாம் பாதி திறந்து அவள்மேல் இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள், ஆண்டவருடைய பந்தியில்கூட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

தட்டு வந்தது. கன்னியம்மா சுட்ட அப்பம். அதற்கு அப்பம் என்று பெயர்! ஒரு ஓரம் கருகி, ஒரு ஓரம் பச்சை மாவாய், விரல் கனத்துக்குத் தேய்த்துவைத்திருந்தாள் புண்ணியவதி. ரோசம்மாள் ஒரு துண்டை எடுத்தாள். பாஸ்டர் புன்னகையோடு எதிரே நின்றார். வாயில் போட்டு மென்றால் மூன்று பாவமும் அன்றைக்கே தொலைந்தது. மேரியே வந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

கை வாய்வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு அவள் அந்தத் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"சிஸ்டர்?"

"வேணாங்கய்யா. எனக்கு உள்ள ஒண்ணும் இல்ல. இல்லாதத இருக்கற மாதிரி காட்டிக்கினு துன்னா அது பொய்யி. ஊருக்காக நான் இத்த துன்ன மாட்டேன்."

பாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்லூரியில் இதற்குப் பாடம் நடத்தவில்லை போலும். தட்டை அடுத்தவளிடம் நகர்த்தினார். ஆண்கள் பக்கத்தில் தானியேல் தலையைத் தொங்கப்போட்டான். பெண்கள் பக்கம் குசுகுசுவென்று கிளம்பியது. அப்படியென்றால் உண்மைதான், ஏதோ பெரிசாகத்தான் இருக்கிறது!

ரோசம்மாள் எழுந்து போகவில்லை. பாவி என்று பெயர் வாங்கிக்கொண்டு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். சாறு போயிற்று. பாட்டு ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது அவளுக்கு. மேரிமேல் இல்லை, பாஸ்டர்மேல் இல்லை, அந்தப் பைத்தியக்காரிக் கன்னியம்மாமேலும் இல்லை.

'இத்தினி வருசமா உன் ஊட்ட பெருக்கறேன். உனக்கு மாவு பிசையறேன். எவன் எவனோ வந்து துன்னுட்டுப் போறான், அவன் எச்சி கப்ப கழுவுறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இன்னாடி ரோசு, நீ துன்னியாடின்னு என்ன கேட்டியா நீ? உனுக்கு கண்ணு இல்ல? நான் செத்துப்போயி இம்மாம் நாளாச்சே, உனுக்குத் தெரில?'

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு இரைத்தது. யாரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பின்னால் கப்புத் தட்டு மொத்தமும் கன்னியம்மாவின் கையிலிருந்து தரையில் விழுந்து உருண்டது. சபையே திரும்பிப் பார்த்தது. ரோசம்மாள் திரும்பவில்லை. ஆண்டவரோடு அவளுக்குச் சண்டை இன்னும் முடியவில்லை.