பட்டறை போன கோடை

கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கும் சிறிய பட்டறை இருந்தது. காலையில் உலையை மூட்டினால் கொடியில் காயும் துணிகளில் கரும்புள்ளி விழும். எனக்கு இளைப்பு வரும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முகத்தில் ஒரு மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். புகையால் வந்ததற்குப் புகையே வைத்தியம் என்பதில் எனக்கு வியப்பில்லை. பெரியவர்கள் எதையும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில் ஜன்னல்களைச் சாத்தி என்னை உள்ளேயே வைத்திருந்தார்கள். பள்ளி ஆசிரியரான அப்பா விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். நர்ஸ் வேலை பார்த்த அம்மா இரவுப் பணி முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். சத்தம் போடக் கூடாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பேன்.

பக்கத்து வீட்டுச் செல்வி மட்டும் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். கண்ணாடியில் படிந்த கரியில் விரலால் கட்டம் போடுவாள். நான் உள்ளிருந்து இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். என் ஆட்டத்தையும் அவளே ஆடுவாள். பெரும்பாலும் என்னை ஜெயிக்க விடுவாள். அவளுடைய அப்பா அந்தப் பட்டறையில்தான் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்தார்.

பட்டறையை மூடச் சொல்லி என் அப்பா மனு எழுதினார். முதல் பத்தியிலேயே என் பெயரும் வயதும் இளைப்பும் வந்ததில் எனக்குப் பெருமை. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர், செல்வி வீட்டை மட்டும் தாண்டி வந்துவிட்டார்.

மறுநாள் செல்வியின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“இன்னா சார், எல்லார் வூட்டுக்கும் போனீங்க. எங்க வூட்ட மட்டும் வுட்டுட்டீங்க.”

“உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற எடமாச்சேம்மா. உங்களை எப்படிக் கேக்கறது?” என்றார் அப்பா.

“நைட்டெல்லாம் இருமிக்கினே கீது அது. சொன்னாலும் கேக்க மாட்டேன்னுது. பட்டறைய மூடுனாத்தான் வேற வேல தேடும். பேனாவ குடுங்க சார்.”

எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசி வரியில் பெயரை எழுதினார். மை காய்ந்ததா என்று தொட்டும் பார்த்துக்கொண்டார்.

சில நாளில் அதிகாரிகள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு உலை நின்றது. அம்மா எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, “போய் வெளையாடு” என்றார். நான் நேராகச் செல்வி வீட்டுக்கு ஓடினேன். அங்கே பாத்திரங்களைப் போர்வையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பட்டறை குன்றத்தூர் தாண்டி போவுது. நைனா அங்கியே வரேன்னு சொல்லிட்ச்சு. உள்ளாறயே எங்களுக்கு ரூம் குடுக்கறாங்கோ,” என்றாள் செல்வி. “வெளையாட எடம் நெறைய கீதாம்.”

அவளுடைய அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மீதி விடுமுறை முழுக்கத் தெருவில் தனியாகப் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு நன்றாகத்தான் வந்தது. என்னை விட்டுவிட்டு நல்ல இடமாகப் பார்த்துப் போய்விட்டாள் என்று செல்விமேல் கோபமாக இருந்தது. பட்டறைக்குள்ளேயே வீடு என்றால் என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.