சாவிப் பெட்டிக்குத் தெரியாத விரல்

இன்னைக்கு எங்க கம்பெனிக்கு 'பசுமை நிறுவனம்' சர்டிபிகேட் வந்தாச்சு!!

(கேக் எதுவும் வெட்டல. சுஜாவ நேத்துதான் அடக்கம் பண்ணிட்டு வந்தோம்.)

கம்பெனின்னா கருங்கல்ங்கிற ஊரு பக்கம் ஒரு அண்டி ஆபீஸ். வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், முந்திரிக்கொட்டை உடைச்சு பருப்பு எடுக்குற ஃபேக்டரி. நான் அங்க கணக்கு பாக்குறேன். ஃபேன், கம்ப்யூட்டர், சுத்தமான கை. (அந்தக் கைய ஞாபகம் வச்சுக்கோங்க.)

நம்ம பருப்ப வாங்குற வெளிநாட்டுக்காரன் ஒரு கண்டிஷன் போட்டான். பல்புல இருந்து பூட்டு வரைக்கும் எல்லாமே சுற்றுச்சூழலுக்கு கெடுதல் இல்லாததா இருக்கணுமாம்.

எங்க முதலாளி கெட்ட மனுஷன் இல்ல. மரம் நடுவார், பிளாஸ்டிக் கவரக் கண்டா கத்துவார். உடனே நாகர்கோவில்ல இருந்து செக்யூரிட்டி சாமான் விக்கிற ஆள வரவழைச்சார்.

அதுவரைக்கும் எங்க சாவி எல்லாம் ஒரு பலா பலகையில ஆணியில தொங்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, அதுல பெயிண்ட்ல பேரு. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இதவிட பச்சையா என்ன இருக்கு சொல்லுங்க!

ஆனா அத போட்டோ எடுத்து அனுப்பினா ஆடிட்காரன் மதிப்பானா?

சேல்ஸ்காரர் சொன்னார், "கார்டு காட்டினா திறக்குற சாவிப் பெட்டி இருக்கு சார்."

"கார்டு பிளாஸ்டிக்குல்லா? வேண்டாம்."

"அப்போ விரல் வச்சா திறக்குறது சார். சோலார்ல ஓடும். கார்டும் இல்ல, குப்பையும் இல்ல."

முதலாளி முகம் மலர்ந்துட்டு. "இது கொள்ளாமே! விரலு ஆண்டவர் தந்தது. தூரப் போடவும் வேண்டாம்."

நாங்க எல்லாரும் கை தட்டினோம்!

ஒருத்தருக்கும் தோணல பாருங்க. அண்டி ஆபீஸ்ல இருந்துக்கிட்டே தோணல! முந்திரி ஓட்டுல ஊறுற எண்ணெய் தோல அரிச்சிரும். வருஷக்கணக்கா ஓடு உடைக்கிற பொம்பளைங்க விரல்ல ரேகையே இருக்காது. ரேஷன் கடையில மாசாமாசம் அவங்க படுற பாடு இந்த ஊருக்கே தெரியும்.

விரல் பதியிற அன்னைக்கு லில்லி அக்கா வரிசையில முதல் ஆளா நின்னாங்க. ஓடு உடைக்கிற ஷெட்டோட பின்வாசல் சாவி எப்பவும் அவங்க பொறுப்பு. விடிஞ்சதும் முதல்ல வந்து திறப்பாங்க, சாயங்காலம் கடைசியா பூட்டுவாங்க.

பெட்டி இனிமையான குரல்ல சொல்லிச்சு, "மீண்டும் முயற்சிக்கவும்."

சோப்பு போட்டு கழுவினாங்க. சேலையில துடைச்சாங்க. மீண்டும் முயற்சிக்கவும்.

"ரேசன் கடையிலயும் இவ இதத்தான் சொல்லுவா மக்கா," ன்னு லில்லி அக்கா சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஷெட்ல உள்ள ஒருத்தர் விரலையும் அது எடுக்கல. சேல்ஸ்காரர், "இவங்களுக்கு மட்டும் கார்டு குடுத்திரலாம் சார்" ன்னார்.

"ஒரு கார்டு கூட வேண்டாம். பிளாஸ்டிக் இல்லாத பாதுகாப்புன்னு ஆடிட்ல எழுதியாச்சு. ஆபீஸ்காரங்க விரலு எடுக்குதுல்லா? அவங்க வந்து திறந்து குடுக்கட்டும்."

ஷெட்ல வேலை தொடங்குறது விடிஞ்ச உடனே. ஆபீஸ்காரங்க நாங்க வர்றது சாவகாசமா பஸ் பிடிச்சு. அதுவரைக்கும் ராத்திரி பாய்லர் ஆளுங்க நிக்கிற முன்வாசல் மட்டும்தான் திறந்திருக்கும், பின்வாசல் வெளிய பூட்டித்தான் கிடக்கும். திறந்து போட்டா பருப்பு களவு போகும்னு பயம்.

ஷெட்ல ஓடு உடைக்கிற சுஜாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. காத்து வரட்டும்னு லில்லி அக்காதான் அவளுக்கு பின்வாசல் பக்கத்துல இடம் பிடிச்சுக் குடுத்திருந்தாங்க. பெட்டி வந்ததுக்கப்புறம் சுஜா என்கிட்ட கேட்டா, "எக்கா, கொஞ்சம் முந்தி வந்து திறந்து தருவியளா? காலத்த வேலை தொடங்கும்போ மூச்சு முட்டுது."

நான் முதலாளிகிட்ட சொன்னேன். "பாப்போம்" ன்னார்.

முந்தாநாள் காலையில முன்வாசல் பக்கம் பாய்லர்ல இருந்து பொறி பறந்து ஓட்டுக் குவியல்ல விழுந்திருக்கு. எண்ணெய் ஊறின ஓடு. அந்தப் புகைய மூக்குல இழுத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

லில்லி அக்கா முந்தானையால மூஞ்சிய மூடிட்டு, புகைக்குள்ள புகுந்து முன்வாசல் வழியா ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடியிருக்காங்க. பெட்டியில விரல வச்சிருக்காங்க.

மீண்டும் முயற்சிக்கவும்.

பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. பெட்டிய கையால அடிச்சிருக்காங்க. அது அசையல, நல்ல கெட்டி இரும்பு! (மறுசுழற்சி பண்ணினது.)

என் விரல் அப்போ பஸ்ல கம்பியப் பிடிச்சிட்டு நின்னுது.

பாய்லர் ஆளுங்க கடப்பாரையோட வந்து பின்வாசலப் பெயர்த்திருக்காங்க. எல்லாரும் இருமிக்கிட்டே வெளிய வந்தாங்க. சுஜா மட்டும் வாசல்ல சாஞ்ச மாதிரியே இருந்திருக்கா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிட்டு.

எனக்கு இப்பவும் ஆத்திரம் அடங்கல. யார்மேலன்னு கேட்டா, கை தட்டின எல்லார்மேலயும்தான்.

நேத்து கல்லறைத் தோட்டத்துல லில்லி அக்கா என் பக்கத்துல வந்து நின்னாங்க. என் கைய எடுத்து பெருவிரல தடவிப் பாத்தாங்க. அவங்க விரல் வழவழன்னு இருந்துச்சு.

"எனக்க விரல தின்னது இந்த அண்டி ஆபீஸுதான மக்கா? அந்தப் பெட்டியும் இந்த ஆபீஸுக்குள்ளதான? பின்ன அதுக்கு எனக்க விரலு எப்பிடி தெரியாம போச்சு?"



சர்டிபிகேட்ட பிரேம் போட்டு பெட்டிக்கு மேல மாட்டச் சொல்லியிருக்காங்க. நான் மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். பலா பலகைய விசாரிச்சேன், பாய்லர்ல போட்டு எரிச்சாச்சாம்.

நண்பர்களே, சோலார், மறுசுழற்சி எல்லாம் நல்லதுதான். நான் அதுக்கு எதிரி இல்ல.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். உங்க வேலை இடத்துல பின்வாசலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குறது யாரு? அவங்களால அந்தக் கதவத் திறக்க முடியுமா?