யூரா வீட்டுக் கூரையில் மூன்று குஞ்சு

சாவா ஆற்றங்கரைச் சரணாலயத்தில் செங்கால் நாரைகளைக் கணக்கெடுப்பவள் பாரிட்சா. இருபத்திரண்டு வருஷமாக அதே சைக்கிள், நீளக் கழியின் நுனியில் அதே கண்ணாடி. அங்கே நாரைகள் ஊர் வீடுகளின் கூரையில்தான் கூடு கட்டும். கழியைக் கூரைமேல் உயர்த்திக் கூட்டுக்குள் எத்தனை குஞ்சு என்று பார்ப்பாள். வீட்டுக்காரர் சொல்லும் எண்ணிக்கையை மட்டும் காதில் வாங்க மாட்டாள். அந்த ஊரில் யார் கூரையில் அதிகக் குஞ்சு என்பதில் அப்படியொரு போட்டி. தன் வயதைக் குறைத்துச் சொல்பவர்கள்கூட நாரைக் குஞ்சைக் கூட்டித்தான் சொல்வார்கள்.

அதிலும் யூரா பெரிய புளுகர். வருஷாவருஷம் ஒரு குஞ்சு சேர்த்துச் சொல்வார்.

அந்த மே மாதம் மூன்று நாள் விடாமல் குளிர்மழை கொட்டியது. மழை விட்டதும் பாரிட்சா கிளம்பினாள். பதினொரு கூடுகளில் செத்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டு யூரா வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மனசே விட்டுப்போயிருந்தது. கண்ணாடியில் குஞ்சுகள் நனைந்து தட்டையாகக் கிடந்தன. அசைவில்லை.

"நாலும் உசிரோட இருக்கு பாரிட்சா! தாய் இப்பத்தான் தீனி குடுத்துட்டுப் போச்சு," என்றார் யூரா.

"நாலா? ஏன் அண்ணே, ஏழுன்னு சொல்லுங்களேன்," என்றவள், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

யூராவின் கூரை உத்திரம் உளுத்துப்போயிருந்தது. குஞ்சு இருந்தால் ஆகஸ்ட் வரை யாரும் அதில் கை வைக்கக்கூடாது. பூஜ்யம் என்றால் கூட்டை இறக்கிவிட்டு உத்திரத்தை மாற்றலாம். பாரிட்சா எழுதியதை வைத்து, வெள்ளிக்கிழமை காலை கூட்டை இறக்க ஏணி வண்டி வந்தது. யூரா வைக்கோல் வாரும் கவைக்கோலோடு வாசலை மறித்து நின்றார். பாரிட்சாவுக்கு ஆள் போனது.

"ஏறிப் பாரும்மா மகராசி! செத்திருந்தா வண்டிய நானே உள்ள விடுறேன்," என்று கத்தினார் யூரா.

பாரிட்சா ஏணி நுனியில் இருந்த தொட்டியில் ஏறி முதல்முறையாக ஒரு கூட்டைப் பக்கத்தில் பார்த்தாள். குஞ்சுகள் தட்டையாகத்தான் கிடந்தன. ஒன்றின் வயிற்றில் கை வைத்தாள். வெதுவெதுப்பு. உள்ளே இதயம் படபடவென்று அடித்தது. ஆபத்து நெருங்கினால் குஞ்சுகள் செத்தது போலக் கிடக்கும். புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அவள்தான் இதைச் சொல்லிக்கொடுப்பாள். அவளே மறந்துபோனாள், யானைக்கும் அடி சறுக்கும்.

இறங்கி வந்தவள் ஊரார் முன்னால் நின்றாள். "யூரா அண்ணே, நீங்க சொன்னது நெசம். உசிரோடதான் இருக்கு."

"எத்தனை?"

"மூணு."

யூரா தலையைச் சொறிந்தார். "எனக்கு நாலாத் தெரிஞ்சுது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாரிட்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் மட்டும் வழிமறிக்காமல் இருந்திருந்தால்! அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க புண்ணியவான் அண்ணே. உங்க பேச்ச நம்பாம, என் கையெழுத்தாலயே மூணு உசிர..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

யூரா கவைக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அதான் வாசல்ல நின்னேன்ல? அழுகைய விடு. மீன் குழம்பு ஆறிடும், உள்ள வா."