மாலை போட்ட வீட்டுக்கு ஓர் எலுமிச்சைக் கேக்

எங்கள் லயத்தில், ஒன்றையொன்று ஒட்டின அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பலகாரத் தட்டு போனால் அது வெறுந்தட்டாகத் திரும்பாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். பொகவந்தலாவைப் பக்கம் எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் இதுதான் வழக்கம். எங்கள் வரிசையில் வேதக்கார வீடு எங்களுடையது ஒன்றுதான். தீபாவளியன்று விடிந்ததிலிருந்து முறுக்கும் அதிரசமும் தட்டுத் தட்டாக எனக்கு வந்துகொண்டே இருக்கும். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவந்தது கேக். ஹட்டனில் பேக்கரியில் வாங்கி, வீட்டில் துண்டு போட்டு, ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் வைத்து அனுப்புவேன். கலியாணமாகி இந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

போன தீபாவளிக்குப் பிறகுதான் தோன்றியது. லயத்துக்கெல்லாம் தண்ணீர் வருகிற பீலிக் குழாயில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரியின் அதிரசத்தை எல்லோரும் மெச்சினார்கள். மெச்ச வேண்டிய அதிரசம்தான், பொய் சொல்லக் கூடாது. நானும் என் பங்குக்கு, "நீ சுட்டதுதான் புள்ள முதல்ல தீர்ந்துச்சு" என்றேன். அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

"தீரும் தீரும். நாங்க மாவு இடிச்சு, பாகு காச்சி, கையைச் சுட்டுக்கிட்டு குடுக்குறோம். நத்தாருக்கு அக்கா வீட்டுலருந்து வர்றது பேக்கரிக்காரன் சுட்டது. அக்காவோடது தட்டு மட்டும்தான்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் கொழுந்து எடுத்த காலத்தில் என் நிரையில் வந்து நின்று எந்தக் கங்காணியும் ஒரு குறை சொன்னதில்லை. முற்றின இலை ஒன்று என் கூடையில் இருக்காது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, தட்டு மட்டும்தான் உன்னுடையது என்கிறாள். இந்த நத்தாருக்கு எல்லா வீட்டுக்கும் என் கையால் சுட்ட கேக்தான் போக வேண்டும், அதுவும் முதல் தட்டு அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டேன்.

எனக்கு வாசிக்க வராது என்றே சொல்லலாம். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிடும். அதனால் மருமகளிடம் சொன்னேன். அவள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அத்த, பழக்கேக்குன்னா ஏகப்பட்ட சாமான் வேணும். எலுமிச்சக் கேக்கு செய்யலாமுங்க. நம்ம மரந்தான் காச்சுக் கெடக்கே" என்றாள்.

பீலிக்குப் போகிற வழியில் எங்கள் எலுமிச்சை மரம் நிற்கிறது. பழம் பெரிது, தோல் தடிமன், மஞ்சளாகப் பழுக்கும். பாதி ஊறுகாய்க்குப் போகும், மீதி காலடியில் கிடக்கும். அதைக் கேக்கில் போடலாம் என்பது எனக்குப் புதிது.

எங்களிடம் கேக் சுடுகிற மின்சார அவன் கிடையாது. பெரிய சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, மணல் காய்ந்ததும் கேக் டிரேயை அதன்மேல் வைத்து, மூடி, மூடியின்மேலும் தணல் போட வேண்டும். அடியில் தணல், மேலே தணல். இதெல்லாம் போனில் இல்லை. புட்டும் ரொட்டியும் சுட்ட கைக்குத் தெரிந்ததுதான்.

முதல் தடவை சுட்டது கசந்தது. வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடச் சொல்லிப் போனில் இருந்தது. மேல் மஞ்சளை மட்டும் துருவ வேண்டுமாம். எங்களுக்கு அந்தப் பழக்கம் எங்கே இருக்கிறது. ஊறுகாய் போடுகிற வீட்டில் தோலில் எதையும் எறிய மாட்டோம். நான் உள்ளே இருக்கிற வெள்ளை வரைக்கும் துருவி, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போட்டிருந்தேன்.

மருமகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அத்த, இதுல கொஞ்சம் மிளகாத்தூளு போட்டுட்டா கஞ்சிக்குத் தொட்டுக்கலாமுங்க."

"வாய மூடிக்கிட்டு அந்தத் துருவிய எடு" என்றேன்.

அடுத்த தடவை மஞ்சளை மட்டும் பூப்போலத் துருவினேன். பட்டரும் சீனியும் நுரைக்க அடித்து, முட்டை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, மாவைச் சலித்துப் போட்டேன். சட்டியைத் திறந்ததும் வாசம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் போனது என்று மருமகள் சொன்னாள். நான் அது பொய்யில்லை என்றே நம்புகிறேன். நத்தாருக்கு இன்னும் நாள் இருந்தது. இருந்தாலும் மனது கேட்கவில்லை. சூட்டோடு இரண்டு துண்டை ஒரு சின்னத் தட்டில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள், தட்டைப் பார்த்தாள், கை நீட்டவில்லை.

"முட்ட போட்டதாக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருடம் அவள் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். முதல் தடவை. கறுப்பு வேட்டியும் கழுத்தில் மணியுமாகத் தினமும் என் கண்முன்னால்தான் நடமாடினார். தம்பி என்று கூப்பிட்ட நானும் மற்றவர்களைப் போல, "சாமி, தேத்தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வீட்டுக்குள் மீன் இல்லை, கறி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். முட்டையை உடைத்ததும் என் கைதான். ஆனால் ஒன்றையும் மற்றதையும் சேர்த்துப் பார்க்க என் மூளை ஓடவில்லை. கேக் என்றால் கேக், அதற்குள் முட்டை இருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள்.

"சாமி இருக்குற வீடுக்கா. கோவிச்சுக்காதீங்க. இந்த நத்தாருக்கு எங்களுக்குத் தட்டு வேணாம். மத்த வீட்டுக்கெல்லாம் குடுங்க" என்றாள். கேலியாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாக, தன்மையாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எந்த வீட்டுக்காக ஆரம்பித்தேனோ அந்த வீட்டுக்கு மட்டும் தட்டு இல்லை. திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். மருமகள் அந்த இரண்டு துண்டையும் தின்றுவிட்டு, "விடுங்க அத்த, அடுத்த வருசம் குடுத்துக்கலாம்" என்றாள்.

"முட்ட இல்லாம செய்வோம்."

"முட்ட இல்லாம எழும்பாதுங்க. கல்லு மாதிரி ரொட்டிதான் வரும்."

"அப்பத்துக்கு முட்டையா ஊத்துறோம்? அது எழும்பலயா? பாரு அந்தப் போன்ல."

பார்த்தாள். முட்டைக்குப் பதிலாகத் தயிர் போடலாம் என்றிருந்தது. அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லயத்துக் கடைசியில் மாடு வைத்திருக்கிற வீட்டில் பால் வாங்கி, வீட்டிலேயே உறை ஊற்றினேன். இந்தக் குளிருக்குத் தயிர் லேசில் உறையாது. அடுப்போரம் சாக்கைச் சுற்றி வைத்தேன். எண்ணெயும் தயிரும் சீனியும் கலந்து, மாவைப் போட்டு, கடைசியாக அப்பச்சோடாவின்மேல் எலுமிச்சம் புளியைப் பிழிந்தால் பொங்குகிற பொங்கலைப் பார்க்க வேண்டும். அந்தப் பொங்கல் அடங்குமுன் சட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நின்று ஊர்க்கதை பேசினால் கேக் படுத்துவிடும். ஒரு தடவை படுத்தது. பேசியது மருமகள்.

விறகும் மாற்றினேன். கவ்வாத்து வெட்டின மிலாறுதான் எங்கள் அடுப்பில் எப்போதும் எரியும். தேயிலைக் குச்சிதானே, சடசடவென்று எரிந்து உடனே தணிந்துவிடும். இந்தக் கேக்குக்கு ஒரே சீராகச் சூடு வேண்டும். கட்டை விறகை எரித்து, தணல் விழும்வரை காத்திருந்தேன். வெந்து எடுத்த சூட்டோடு மேலே குச்சியால் குத்திக் குத்தி, எலுமிச்சம் புளியில் கரைத்த சீனிப்பாகை ஊற்றினேன். அது உள்ளே இறங்குவது காதுக்குக் கேட்கும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கேட்கும்.

முட்டை போட்டதைவிட இது நன்றாக இருந்தது. மருமகள் பேசாமல் தின்றாள். அவள் பேசாமல் இருந்ததே எனக்குப் போதுமான சாட்சி.

முட்டையை எடுத்துவிட்டால் மட்டும் சாமி வீட்டுக்குக் கொடுத்துவிட முடியுமா. கருவாடு பொரித்த சட்டியில் சுட்டதை நான் எப்படி நீட்டுவேன். நத்தாருக்கு முந்தின நாள் காலையில் சுடுவது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு முதல் நாளே அடுப்பைச் சாணி போட்டு மெழுகினேன். சட்டி புதிது, டிரே புதிது, அகப்பை புதிது. வீட்டில் கருவாடு கூடக் கிடையாது. மகன் பருப்பைப் பிசைந்துகொண்டே, "நத்தாருக்கு நம்ம வீட்டுலயும் மாலை போட்டுட்டாங்களா" என்று கேட்டான். விடியற்காலைப் பனியில் பீலித் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்தேன்.

எல்லா வீட்டுக்கும் அதே கேக்தான். ஆளுக்கு ஒரு மாதிரி செய்யவில்லை. முதல் தட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அக்கா, நாந்தான் சொன்னேனே."

"முட்ட இல்ல புள்ள."

"நெசமாவா? முட்ட இல்லாம கேக்கா?"

"தயிருல செஞ்சது."

"சட்டி?"

"புதுசு."

"அடுப்பு?"

"மெழுகுனது. கருவாட்டு வாசம் வருதான்னு வேணும்னா வந்து மோந்து பாரு."

"நீங்க?"

"இந்தா, தலையத் தொட்டுப் பாரு."

அவள் தொட்டே பார்த்தாள். ஈரம் காயவில்லை. உள்ளே இருந்து சாமி வந்தார். "இந்தக் குளிர்ல தலைக்குக் குளிச்சுட்டா வந்தீங்க?" என்று கேட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். நேராகப் போய் ஐயப்பன் படத்துக்கு முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டு, ஒரு துண்டை எடுத்து அங்கேயே நின்று தின்றார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தின்று முடித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்தார்.

அவளும் ஒன்றை எடுத்துப் பிய்த்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள். "உள்ள ஈரமா இருக்கேக்கா. வேகலயா?"

"வெந்ததுதான். இந்தக் கேக்கு ஈரமாத்தான் இருக்கணும். பேக்கரிக்காரன் கேக்குதான் தொண்டையில அடைக்கும்."

சாமி சிரித்துவிட்டார். அவள் வாயில் போட்டு மென்றாள். "புளிப்பு ஒரு சொட்டு கூட" என்றாள். சொல்லிவிட்டு விரலைச் சப்பினாள். பிறகு தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

நான் புறப்படும்போது சாமி கூப்பிட்டார். மலைக்குப் போக இன்னும் சில நாள்தான் இருந்தது. கூட வருகிற சாமிமார்களோடு கொழும்புக்கு பஸ், அங்கிருந்து பிளேன், அப்புறம் திரும்பவும் பஸ். "வழிக்கு எடுத்துட்டுப் போக இதே மாதிரி ஒன்னு செஞ்சு தருவீங்களா? கடையில எத வாங்குனாலும் என்னத்துல செஞ்சாங்களோன்னு பயந்துதான் திங்கணும்."

"சாமி, நான் வேதக்காரி" என்றேன். முதலிலேயே சொல்லிவைப்பது நல்லதுதானே.

"மலைக்கு யாரு வேணும்னாலும் வரலாம். கேக்கு வரக்கூடாதா?"

மறுபடியும் குளித்தேன், மறுபடியும் அடுப்பை மெழுகினேன். இருமுடி கட்டின அன்றைக்கு, வாழையிலையில் சுற்றி, மேலே காகிதம் சுற்றி அவர் பையில் வைத்துக் கொடுத்தேன். அந்த வாசலில் பஜனை பாட வந்தவர்களில் ஒருவர் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "கடையாவது. எங்க அக்கா சுட்டது. போன்ல பாத்தெல்லாம் செய்ய முடியாது, அதுக்குக் கைப்பக்குவம் வேணும்" என்றாள். போனைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த என் மருமகள் பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தைப்பொங்கல் கழிந்து அவர் திரும்பி வந்தார். மாலையைக் கழற்றிவிட்டார். எனக்கு மறுபடியும் தம்பியானார். பிரசாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கதை சொன்னார். அவர் மனைவியும் கதவில் சாய்ந்து நின்றாள்.

"கேக்க எடுக்கவே மறந்துட்டோமுங்க அக்கா. பம்பையில குளிச்சுட்டுப் பசியோட பைய தொறந்தா, இது. மூனு நாளாச்சு, கெட்டுருக்கும், காஞ்சிருக்கும்னுதான் பிரிச்சேன். அன்னைக்கு நீங்க குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஈரமா இருந்துச்சு. தமிழ்நாட்டுலருந்து வந்த ஒரு குருசாமி ரெண்டு துண்டு தின்னுட்டு, எந்த ஊர்ல செஞ்சதுன்னு கேட்டாரு. பொகவந்தலாவன்னு சொன்னேன். அது எங்க இருக்குன்னு பக்கத்துல இருந்தவங்க கேட்டாங்க."

"போதும் போதும், நிறுத்துங்க. அக்காவுக்குத் தலைக்கு ஏறிரப் போகுது" என்றாள் அவர் மனைவி.

ஏறட்டும் என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அதுக்கு அந்த ஆளுங்க என்ன சொன்னாங்க, அதச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டேன்.