கழி நுனியில் ஒரு பிடி

பேய், காத்துக் கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாலாம் வகுப்பைத் தாண்டாமல், ஒற்றைப் படகில் தொடங்கி மயிலாப்பூரில் இரண்டு விறகுத்தொட்டி வைத்தவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இதையும் நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருஷங்களில் பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகு தள்ளினேன். என்னைப்போல் மூங்கில் கழி போட ஆள் கிடையாது. கழி தண்ணீரில் இறங்கிவிட்டால் உள்ளங்கையில் மூங்கிலே தெரியாது, அடியில் நுனிதான் என் விரல். சேறா, மணலா, கிளிஞ்சலா, தடவிப் பார்த்ததுபோல் சொல்வேன். ஆனால் அந்நேரம் காது செத்துவிடும், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது.

"இன்னா அண்ணாத்தே, கண்ண மூடிக்கினு தள்றே?" என்பான் பின்னால் உட்கார்ந்துவரும் என் தம்பி முனுசாமி.

"கழிக்குக் கண்ணு கீதுடா. நீ வாய மூடிக்கினு குந்து."

ஒரு நாள், பட்டப்பகல். துணி துவைத்தவள் கரையிலிருந்து கத்திக்கொண்டே வந்தாளாம், எனக்குக் கேட்கவில்லை. அவள் எறிந்த கல் முதுகில் பட்டுத்தான் திரும்பினேன்.

"யோவ், உன் ஆளு பாலத்தாண்டயே வுழுந்துட்டான்யா!"

படகைத் திருப்பிப் போய்க் குதித்தேன், கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணைவிடக் கழி தேடும் என்று ஏறித் துழாவினேன். சேறு, கல், சேறு. அப்புறம் நுனியை ஏதோ பற்றியது. வேர் சுற்றினால் எப்படி, வலை சிக்கினால் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அது கை. விரல் விரலாக இறுகியது.

கழி மாட்டினால் படகுக்காரன் யோசிக்கக் கூடாது, யோசித்தால் படகு போய்விடும், அவன் கழியில் தொங்குவான். மாட்டியதும் ஒரு முறுக்கு, ஒரு உருவல். மனசு 'தம்பி' என்று சொல்வதற்குள் என் கைகள் முறுக்கி உருவிவிட்டன. மறுபடி அதே இடத்தில் விட்டேன், விட்டேன், வெறும் சேறு. குதித்துத் தடவினேன், கையில் ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் அங்கேயேதான் எடுத்தார்கள். நான் குனிந்து படகைப் பாலத்தடியில் நுழைக்கும்போது அவன் எழுந்து நின்றிருக்கிறான், கல்லில் மண்டை மோதி, தண்ணீரைத் தொடும் முன்பே உயிர் போயிற்று என்றார் டாக்டர்.

அவன் பெண்சாதி கன்னியம்மா என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, உன் கழிக்கு அல்லாம் தெரியும்பியே, அவரு மட்டும் தெரியலியா?"

"தெரியலம்மா."

அந்தப் பொய்யோடுதான் இன்றுவரை அவள் கையால் சாப்பிடுகிறேன்.

டாக்டர் சொன்னது சரி என்றால், பற்றியது யார்? தப்பு என்றால், உதறியது நான். அதோடு விட்டிருந்தால்கூட எப்படியாவது தூங்கியிருப்பேன். முனுசாமிக்குச் சின்ன வயதில் கோடாலி பட்டு, வலது கை சுண்டுவிரல் பாதிதான். கழி நுனியில் இறுகியவை நாலு விரலும், ஒரு பாதி விரலும்.