நாலு விரற்கடை உயரம்

லிஃப்ட் மெக்கானிக்குக் குள்ளமான உடம்பு ஒரு வரம். கூண்டின் தலைமேல் ஏறி, கம்பிவடத்துக்கும் சுவருக்கும் இடையே கைகால்களை மடக்கி உட்கார்ந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நட்டு முடுக்குகிற வேலை. நெட்டையர்கள் போனால் நெற்றியில் புடைப்போடு திரும்புவார்கள். நம் மெக்கானிக் பூனை மாதிரி போய்ப் பூனை மாதிரி வருவார். "அண்ணன் மேல ஏறினா லிஃப்டுக்கே தெரியாது" என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன வாரம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கதவைச் சரிசெய்து முடித்த நேரம். கல்லூரி மாணவன் ஒருவன் லிஃப்டுக்குள் வந்தான். செங்கல் தடிமனுக்கு அடிப்பாகம் வைத்த ஷூ. தரையைப் பெருக்குகிற பேன்ட். மெக்கானிக் அவனைக் கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். இது மறுபடியும் வந்துவிட்டதா!

"தம்பி, ஷூவைக் கழட்டினா பேன்ட் என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"ஏன் அங்கிள் கழட்டணும்?"

பதினேழு வயதில் அவர் தன் அக்காவிடம் சொன்ன அதே பதில். அப்போது அவர் 'அவர்' இல்லை, அவன்.

பள்ளிப் படிப்பு முடிந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த கோடை அது. அந்த வருஷம் ஆண்பிள்ளைகளின் பேன்ட் முழங்காலுக்குக் கீழே குடை மாதிரி விரிந்தது. சட்டைக் காலர் நாய்க்காது அளவுக்குத் தொங்கியது. தலையில் ஸ்டெப் கட்டிங், கன்னத்தில் கிருதா. அவனுக்குக் கிருதா வளரவில்லை. அக்காவின் மை டப்பா உதவியது. வெயில் ஏற ஏறக் கிருதா தாடைக்கு இறங்கும்.

ஆனால் அவன் உயிரை வைத்திருந்தது ஷூவின் மேல்தான். நாலு விரற்கடை உயரத்துக்கு ஹீல்ஸ். அதைப் போட்டுக்கொண்டுதான் தையல்காரரிடம் அளவு கொடுத்தான். பெல்பாட்டம் ஷூவை முழுக்க மூடி, நூல் கனத்துக்குத் தரையை விட்டு நின்றது. ஹீல்ஸ் வெளியே தெரியாது. பார்ப்பவர்களுக்கு அவன் வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

"ராத்திரியோட ராத்திரியா இவ்வளவு வளர்ந்தா டாக்டர்கிட்டதான் காட்டணும்" என்றாள் அக்கா. "எங்கயாவது ஷூவைக் கழட்டச் சொன்னா என்னடா பண்ணுவ?"

"ஏன் கழட்டணும்?"

பகலில் சித்தப்பாவின் எலெக்ட்ரிகல் கடையில் இருந்தான். அங்கே பல்பு வாங்க வருவாள் ஒருத்தி. வாய் ஓயாது; அவள் வீட்டிலேயே அவளை 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டார்கள். கோடை விடுமுறையில் நீச்சல் பழகிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்து கல்லாவில் சாய்ந்தால் அரைமணி நேரம் ஒலிபரப்பு. அவனைவிட நெட்டை. ஷூ புண்ணியத்தில் கண்ணுக்குக் கண் சரியாக இருந்தது.

"ஒரே மாசத்துல ஒரு வீட்ல இத்தனை பல்பு எப்படிடா ஃபியூஸ் ஆகும்?" என்று சித்தப்பா தலையைச் சொறிந்தார். "வயரிங்ல கோளாறு. நான் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேணாம் சித்தப்பா. பல்புதான் மட்டமான சரக்கு" என்றான் அவன்.

அவள் கூப்பிடாத நாள் இல்லை. "நீச்சல் குளத்துக்கு வாயேன்." முதல் வாரம் சளி என்றான். அப்புறம் காதுவலி. அப்புறம் சித்தப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்றான். சித்தப்பா அப்போது பின்னால் ஃபேன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குளத்து வாசலில் இருந்த பலகையை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான்: காலணியுடன் உள்ளே வரக் கூடாது.

கோடையின் கடைசி ஞாயிறு நீச்சல் போட்டி. முந்தின நாள் அவள் கடைக்கு வந்து, அன்றைக்கு மட்டும் பல்பு கேட்கவில்லை.

"நாளைக்கு நீ வரணும். வரலைன்னா உனக்கு என்னைப் பிடிக்கலைன்னு எடுத்துப்பேன். அப்புறம் எங்க வீடு இருட்டா கிடந்தாலும் இந்தப் பக்கம் வர மாட்டேன்."

அன்று மாலை அவன் அக்காவிடம் சரணடைந்தான். பேன்ட்டைக் கொஞ்சம் குட்டையாக்கித் தைத்துக் கொடு என்று கெஞ்சினான்.

"தைக்கலாம். நாளைக்கு வெறுங்காலுக்குச் சரியா இருக்கும். மறுநாள் ஷூ போட்டா வெள்ளத்துல நடக்கிறவன் மாதிரி இருப்ப. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவன் பேன்ட்டைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி வேலிக்கு வெளியே நின்றான். குளோரின் வாசனை, விசில் சத்தம், ஈரச் சிமென்ட்டில் ஓடுகிற பிள்ளைகள். பேர் படிக்கப்பட்டது. ரேடியோ மேடையில் ஏறி நின்று, குனிய வேண்டிய நேரத்தில் பார்வையாளர் பெஞ்சுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடினாள். மறுபடியும் தேடினாள். முகம் சுருங்கியது. வேலிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அவ்வளவுதான், அவனுக்குள் ஏதோ அறுந்தது. வாசலுக்கு ஓடி, காவலாளியின் காலடியில் ஷூவைக் கழற்றிப் போட்டான். உலகம் நாலு விரற்கடை மேலே போனது. பேன்ட் காலைச் சுற்றிக்கொண்டது. முதல் அடியிலேயே தடுக்கி விழப் போனான். வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் பெல்பாட்டத்தைப் பாவாடை மாதிரி முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு குளத்தின் ஓரமாகவே ஓடினான்.

"வந்துட்டேன்! நான் வந்துட்டேன்!"

விசில் ஊதியாகிவிட்டது. எல்லாரும் பாய்ந்தார்கள். அவளும் பாய்ந்தாள். பாதி தூரத்தில் மூச்சுக்குத் தலையைத் தூக்கியவள், கரையோரம் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குள்ளனைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. தண்ணீரில் சிரித்தால் என்ன ஆகும்? குளத்தில் பாதி அவள் வயிற்றுக்குள் போயிற்று. இருமிக்கொண்டே கடைசியாக வந்து சேர்ந்தாள்.

துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக அவனிடம் வந்தாள். அவன் தூக்கிப் பிடித்திருந்த பேன்ட் விளிம்பை விட்டான். அது ஈரத் தரையில் பொத்தென்று விழுந்து தண்ணீரை உறிஞ்சியது. இப்போது அவள் கண்ணைப் பார்க்க அவன் நிமிர வேண்டியிருந்தது. நிமிர்ந்தான்.

"உன்னாலதான் தோத்தேன்."

"தெரியும்."

"சளி, காதுவலி, சித்தப்பா இடுப்பு... எல்லாம் இதுக்குத்தானா?"

அவன் தலையாட்டினான். இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். அவள் ஒன்றும் பேசாமல் வாசலுக்கு நடந்தாள். அவள் பேசாமல் இருந்தது அந்தக் கோடையில் அதுதான் முதல் தடவை. அவன் பேன்ட்டை மறுபடி தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

வாசலில் கிடந்த ஷூவுக்குள் அவள் தன் ஈரக்கால்களை நுழைத்தாள். இரண்டடி வைப்பதற்குள் தள்ளாடிக் காவலாளியின் தோளைப் பிடித்தாள்.

"அடப்பாவி, கோடை முழுக்க இதுலயா நடந்த? இதுக்கு நான் முங்கினதே தேவலை! ஏண்டா, குதிகால் வலிக்கலையா? எங்க வாங்கின? எங்க அண்ணன் பாத்தா..."

ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. வீடு வரைக்கும் அவள் அந்த ஷூவைக் கழற்றவில்லை. அவனைவிட ஒரு தலை உயரமாக, தடக் தடக்கென்று நடுத்தெருவில் நடந்தாள். அவன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தார் சுட்ட இடங்களில் துள்ளித் துள்ளிப் பக்கத்தில் போனான். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

அந்த ஃபேஷன் அடுத்த வருஷமே போய்விட்டது. இவர்கள் கல்யாணம் ஆக ஏழு வருஷம் பிடித்தது. போட்டோ எடுக்க வந்தவர் ஜோடியைப் பார்த்தார், ஓடிப்போய் ஒரு பலகைக் கட்டையைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலடியில் போட்டார்.

"சார், இதுல ஏறிக்குங்க. சமமா இருக்கும்."

மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் பெண் அந்தக் கட்டையைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"வேணாங்க. அவர் இறங்கி ரொம்ப நாளாச்சு."